பழனி நடைக்கு எடை குறைந்த துணி: ஒரு திருப்பூர்க் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியை ஒட்டி வேலை பார்க்கும் ஒன்பது பேர், தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பழனிக்கு நடக்கிறோம். அவிநாசிபாளையம், குண்டடம், தாராபுரம் வழியாக 80 கிலோமீட்டருக்கு மேல். வழியில் மூன்று இரவுகள். எங்களில் இளையவருக்கு வயது 24, மூத்த பெரியம்மாவுக்கு 66. பல குழுக்களுக்குப் பின்னால் சாமான் வண்டி வரும். எங்களுக்கு அது கிடையாது. சுமப்பதும் வேண்டுதலில் சேர்த்தி என்பது பெரியம்மாவின் வாக்கு. அதை யாரும் மாற்ற நினைத்ததில்லை.

இந்தக் குறிப்பு மூன்று தை மாதங்களைப் பற்றியது. முதல் வருடம் பழைய சுமையோடு நடந்தோம். இரண்டாம் வருடம் எடை குறைந்த துணியில் பை, இரவில் படுக்குமிடத்துக்கு மேலே கட்டும் கூரை, தரைவிரிப்பு எல்லாம் நாங்களே தைத்துக்கொண்டு போய் மூன்று விதமாகத் தோற்றோம். மூன்றாம் வருடம் திருத்திக்கொண்டு போனோம். துணியைத் தேர்ந்தெடுத்தவன் நான். கம்பெனியில் எனக்கு வேலையே துணிப் பிரிவில்தான். வருகிற ரோல் ஒவ்வொன்றையும் அளந்து, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) எடுத்து, கட்டிங்குக்கு அனுப்புவேன். துணி எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையே இரண்டாம் வருடத் தோல்விக்கு முதல் காரணம் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம்: எடை எங்கே இருந்தது

நடந்து திரும்பிய மறுநாள், அழுக்குக்கூடப் போகாத பைகளை கம்பெனித் தராசில் வைத்தோம். பெரியம்மாவின் பை 7.4 கிலோ. பையே ஒன்றரைக் கிலோ. பள்ளிக்கூடத்துப் பை போன்ற கனத்த துணி, உள்ளே ஒரு லைனிங், தேவையில்லாத நான்கு ஜிப். அதனுள் பவானி ஜமக்காளம் ஒன்று, 1.9 கிலோ. ஜமக்காளத்தைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் விரித்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அது பருத்தி. பனியில் ஒரு இரவு கிடந்தால் காலையில் இன்னும் கனக்கும். ஆண்கள் பங்கு போட்டுச் சுமந்த நீலத் தார்ப்பாய்கள் இரண்டும் சேர்ந்து நான்கு கிலோவைத் தாண்டின.

தின்பண்டம், தண்ணீர், மாற்றுத்துணி எதிலும் பெரிதாகக் குறைக்க வழியில்லை. குறைக்கக்கூடிய எடை முழுவதும் துணியில்தான் இருந்தது.

இரண்டாம் வருடம்: துணி வாங்கிய விதம்

பனியன் துணியில் பழகியவர்களுக்கு நூலின் கனம் கவுண்டில்தான் புரியும். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். செயற்கை இழைக்கு டீனியர் கணக்கு, அது நேர் எதிர்: 9000 மீட்டர் இழை எத்தனை கிராமோ அத்தனை டீனியர், எண் ஏறினால் இழை தடிமன். 5315-ஐக் கவுண்டால் வகுத்தால் டீனியர் வரும். நாங்கள் தினமும் ஓட்டுகிற 30-ஆம் கவுண்ட் பருத்தி ஏறக்குறைய 177 டீனியர். நான் கூரைக்கு வாங்கிய நைலான் 30 டீனியர். நம் பனியன் நூலில் ஆறில் ஒரு பங்கு கனம். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூச்சு. கிழிசல் ஓடாமல் நிற்கக் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஊடுருவிய நெசவு.

அது வந்த அன்று ஜிஎஸ்எம் கட்டரை வைத்து ஒரு திருகு திருகினேன். உள்ளங்கை அகல வட்டம் ஒன்று உதிர்ந்தது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டம், தராசில் 0.48 கிராம். அதாவது 48 ஜிஎஸ்எம். நாங்கள் அனுப்பும் டி-ஷர்ட் துணி 180. அந்த வட்டத்தை விரல் நுனியில் வைத்து ஊதினேன், மேசையின் மறுகோடிக்குப் போய் விழுந்தது. அந்த ஒரு கணத்தில் மனசு முடிவு செய்துவிட்டது. கூரைக்கு மட்டும் வாங்கியதில் மிஞ்சியதைப் பைகளுக்கும் போட்டேன், அடிப்பாகம் உட்பட.

தரைவிரிப்புக்கு வேறு துணி: 70 டீனியர் நைலான், ஒரு பக்கம் பாலியூரித்தேன் பூச்சு, 74 ஜிஎஸ்எம். ஸ்டாக்லாட்டில், அதாவது மிஞ்சிப்போன பழைய சரக்கில், கிடைத்தது. எந்த வருடம் பூச்சுப் போட்ட துணி என்று விற்றவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. விலை மலிவு, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், உருண்டு ஓடியது. அதோடு திருப்தி.

ஐப்பசியில் தைத்து முடித்து, தை வரை எல்லாவற்றையும் சுருட்டி அயர்னிங் பகுதிக்கு மேலே இருந்த பரணில் வைத்தோம். தூசி வராத இடம் என்று நினைத்தோம். கீழே ஸ்டீம் அயர்ன் நாள் முழுக்க ஓடுகிற இடம் என்பதை நினைக்கவில்லை.

நடையில் கவனித்தவை

முதல் இரவு, அவிநாசிபாளையம் தாண்டி ஒரு காட்டோரம். தரைவிரிப்பைப் பிரிக்கும்போதே டேப்பை உரிப்பது போன்ற சத்தம் கேட்டது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. புளித்த வாடை. பூச்சு செதில் செதிலாகக் கையோடு வந்தது. வேறு விரிப்பு இல்லாததால் அதையே போட்டோம். விடியும்போது இடுப்புக்குக் கீழே எல்லோருக்கும் ஈரம்.

கூரை அன்று தாக்குப்பிடித்தது. இரண்டாம் இரவு குண்டடம் பக்கம். பௌர்ணமியை நெருங்கிய நிலா, துடைத்துவிட்ட வானம், காற்றே இல்லை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். அன்று அது துளைத்தது. மாலையில் தம்புரு கம்பி போல விறைப்பாகக் கட்டிய துணி, இரவு இரண்டு மணிக்கு நடுவில் குழிந்து எங்கள் முகத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். யாராவது புரண்டால் தோள் பட்டு, மொத்தமும் பக்கத்தில் படுத்தவர் மேல் கொட்டும்.

“ஏனுங் தம்பி, மழையே பேயல, அப்புறம் எப்பிடீங் நனைஞ்சோம்?” என்று பெரியம்மா கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. துணி ஒழுகுகிறது என்றேன். அது தவறான பதில்.

மூன்றாம் நாள், தாராபுரத்துக்கு முன்னால் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலமர நிழலில் பைகளை இறக்கி வைத்தோம். எடுத்தபோது இரண்டு பைகளில் முள் ஏறியிருந்தது. அதைவிட மோசம், எல்லாப் பைகளின் அடிமூலையும் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. மூன்று நாளாகத் தார்ரோட்டோரச் சரளைக் கல்லில் இறக்கி இறக்கி வைத்த பைகள் அவை. ஒரு பையின் தோள்பட்டை வார் தையலோடு பிய்ந்து வந்தது. நூல் அறவில்லை. தையல் ஓட்டைகளின் வரிசையில் துணிதான் ஸ்டாம்ப் கிழிப்பது போலக் கிழிந்திருந்தது. அந்தப் பையைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பழனிக்குப் போய்ச் சேர்ந்தார் எங்கள் ஆள்.

காரணம் தேடியது

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிங் டேபிளில் பரப்பினோம். நான், பேட்டர்ன் மாஸ்டர், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் டெய்லர் அண்ணன்.

ஒழுகியதா என்பதை முதலில் பார்த்தோம். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் ஒன்றை வாங்கினோம். டியூபின் ஒரு வாயில் கூரைத் துணியை வைத்து ஹோஸ் கிளிப் போட்டு முறுக்கி, மறுவாயை மாடிப்படியில் உயர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். கூடாரத் துணிகளில் 1500 மில்லிமீட்டர், 3000 மில்லிமீட்டர் என்று போடுவது இதைத்தான்: அத்தனை உயரத் தண்ணீர்த் தூணைத் துணி தாங்கும் என்று பொருள். எங்கள் கூரைத் துணி ஒன்றரை மீட்டர் உயரத்திலும் ஒரு சொட்டு விடவில்லை. தரைவிரிப்பு அரை மீட்டருக்கு முன்பே வியர்த்தது.

ஆக, கூரை ஒழுகவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் எங்கள் மூச்சும், சுற்றிலும் இருந்த ஈரக் காற்றும். தெளிந்த வானத்தின் கீழே மெல்லிய துணி சீக்கிரம் குளிர்ந்துவிடும். செம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்ப்பது போல அதன்மேல் ஈரம் படியும். நான்கு பக்கமும் தரைவரை தாழ்த்திக் கட்டியிருந்ததால் ஈரம் வெளியேற வழி இல்லை.

தொய்வுக்குக் காரணம் வேறு. இரண்டு துணிகளிலிருந்தும் ஒரு மீட்டர் நீளப் பட்டை வெட்டினோம்: எங்கள் நைலான் ஒன்று, அதே மாதிரிப் பூச்சுப் போட்ட பாலியஸ்டர் சாம்பிள் ஒன்று. கீழே அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்து அரைமணி நேரம் காத்திருந்தோம். நைலான் இரண்டரை சென்டிமீட்டர் நீண்டது. பாலியஸ்டர் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகரவே இல்லை. பருத்திக்கு ஈர இருப்பு (காற்றிலிருந்து இழை இழுத்து வைத்திருக்கும் ஈரம்) 8.5 சதவீதம் என்று தினமும் எழுதுகிறவன் நான். நைலானுக்கு அது 4 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4. நைலான் தண்ணீரைக் குடித்து நீள்கிற இழை. சிலிக்கான் பூச்சு தண்ணீரை ஊடே விடாது என்பதும், இழை ஈரத்தை உறிஞ்சாது என்பதும் ஒன்றல்ல. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

தரைவிரிப்பின் கதை எளிது, ஆனால் இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பாலியூரித்தேன் பூச்சு, குறிப்பாகப் பாலியஸ்டர் வகைப் பாலியூரித்தேன், சூடும் ஈரமும் சேர்ந்தால் சிதையும். தண்ணீர் அதன் மூலக்கூறு பிணைப்புகளை அறுக்கிறது. முதலில் பிசுபிசுப்பு, பிறகு வாடை, பிறகு செதில். பயன்படுத்தாமல் மடித்து வைத்திருந்தாலும் இது நடக்கும். வயது தெரியாத ஸ்டாக்லாட் துணியை ஸ்டீம் அயர்னுக்கு மேலே மூன்று மாதம் வைத்தது, மிச்சமிருந்த ஆயுளை வேகவைத்து முடித்தது போல.

பைகளைப் பற்றி டெய்லர் அண்ணன் சொன்னது சுருக்கம்: “கண்ணு, பூட்ஸுக்குப் போடற ஊசியில பட்டுத்துணி தைச்சிருக்கோம்.” 14-ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 13 தையல். பனியனுக்கு நெருக்கமான தையல் நல்லது. பின்னல் துணி கண்ணி விலகி ஊசிக்கு வழிவிடும். பூச்சுப் போட்ட நெசவுத் துணியில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். நெருக்கித் தைத்தால் கிழிய வேண்டிய இடத்தை நாமே குறித்துக் கொடுத்த மாதிரி.

எடுத்த முடிவுகள்

கூரைக்கு 20 டீனியர் பாலியஸ்டர், இரு பக்கமும் சிலிக்கான், 43 ஜிஎஸ்எம். ஒரே கனத்தில் நைலானைவிடப் பாலியஸ்டருக்குக் கிழிபலம் குறைவு. அது தெரிந்தே தேர்ந்தெடுத்தோம். கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடங்கள் கயிறு கட்டும் பத்துப் பன்னிரண்டு முனைகள்தான், அவற்றை வலுப்படுத்தலாம். தொய்வோ துணி முழுவதும் பரவுவது, அதற்கு மருந்தில்லை.

படகுப் பாய்களுக்காக உருவான கூட்டுப்படலத் துணி ஒன்றும் பேச்சில் வந்தது. 1992 அமெரிக்கா கோப்பைப் போட்டியில் வென்ற படகின் பெயரால் கியூபன் ஃபைபர் என்று அறியப்பட்டது, இப்போது டைனீமா கூட்டுத்துணி. சதுர மீட்டர் 18 கிராமுக்குக்கூட உண்டு, நீளாது, நீர் உறிஞ்சாது. விலையைக் கேட்டதும் எங்கள் போனஸ் கணக்குக்குள் அது அடங்காது என்று தெரிந்துவிட்டது. அதோடு உராய்வுக்கும் மடிப்புக்கும் அது அவ்வளவாகத் தாங்காது. விட்டோம்.

தரைக்கு மீண்டும் நீலத் தார்ப்பாய்த் துணிக்கே போனோம், மெல்லிய ரகம், 90 ஜிஎஸ்எம். குழுவில் இளையவர்களுக்கு இதில் வருத்தம். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு விரிப்பு 8 சதுர மீட்டர். 74-க்குப் பதில் 90 என்றால் கூடுவது 128 கிராம். அதற்கு ஈடாக, நீர் உறிஞ்சாத, பூச்சுச் சிதையாத, எந்த ஊரிலும் வாங்கக்கூடிய துணி. தரைவிரிப்புக்கு அழுத்தமும் அதிகம். 60 கிலோ ஆள் இரண்டு முழங்காலை ஊன்றினால், 100 சதுர சென்டிமீட்டரில் அந்த எடை இறங்குகிறது. ஆறு மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். கூரைக்குப் போதுமான துணி தரைக்குப் போதாது என்பது இதனால்தான்.

பைக்கு மூன்று துணி. உடம்புக்குப் புதிதாக வாங்கிய 70 டீனியர் நைலான். அடிக்கும் முதுகுப் பக்கத்துக்கும் 210 டீனியர், 130 ஜிஎஸ்எம். பக்கப் பைகளுக்குக் கரூர்க் கொசுவலை. கொசுவலை டெய்லர் அண்ணனின் யோசனை, எனக்கு மிகவும் பிடித்த முடிவும் அதுதான். பாலித்தீன் இழை, தண்ணீர் குடிக்காது, ஈரத் துண்டைத் திணித்தாலும் நடக்க நடக்கக் காயும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அடிப்பாகத்தின் பரப்பு 0.12 சதுர மீட்டர். 48-ஐ 130 ஆக்கியதில் கூடிய எடை 10 கிராம், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. முந்தைய வருடம் அந்தப் பத்துக் கிராமை மிச்சம் பிடித்ததால்தான் ஒன்பது பைகளும் போயின.

தையலுக்கு 9-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், அங்குலத்துக்கு 8 தையல். சட்டைப் பக்கம் தைப்பது போல ஒன்றுக்குள் ஒன்று மடித்த இரட்டைத் தையல். வார் சேரும் இடங்களில் 210 டீனியர் ஒட்டுத்துண்டு வைத்து பார்டாக் (பிய்யாமல் இருக்க ஒரே இடத்தில் நெருக்கிப் போடும் தையல்). சிலிக்கான் பூச்சின் மேல், தையலை மூட ஒட்டும் சீம் டேப் எதுவும் பிடிக்காது. கண்ணாடிக்குப் போடும் சிலிக்கான் கம்மை டர்பன்டைனில் கரைத்துத் தையல் மேல் தூரிகையால் பூசினோம்.

ஆடியிலும் ஐப்பசியிலும் சோதனை

இந்த முறை தை வரை காத்திருக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முழு வேகத்தில் இறங்கும் ஆடி மாதம், தாராபுரம் சாலையில் காற்றாலைகள் நிற்கும் பகுதியில் தெரிந்தவர் காட்டில் கூரையைக் கட்டினோம். பத்து நிமிடத்தில் ஒரு முனை வளையம் பிய்ந்தது. ஒட்டுத்துண்டைச் சதுரமாக வெட்டியிருந்தோம். அதன் கூர் மூலையில் இழுவை முழுவதும் குவிந்து, அங்கிருந்து கிழிசல் கிளம்பியது. பிய்ந்தது நல்லதாயிற்று. எல்லா ஒட்டுத்துண்டுகளையும் வெற்றிலை வடிவத்துக்கு மாற்றினோம், விளிம்பு வளைந்திருந்தால் இழுவை பரவும்.

துணியின் ஓரமும் படபடத்தது. பேட்டர்ன் மாஸ்டர் சுவரில் இரண்டு ஆணி அடித்து, இடையில் ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டார். அது தானாக விழுந்த வளைவைப் பேட்டர்ன் பேப்பரில் வரைந்து, நான்கு ஓரங்களையும் அந்த அளவுக்கு உள்வாங்கி வெட்டினார். இழுத்துக் கட்டினால் ஓரம் தளராத வளைவு அது. மறுவாரம் அதே காட்டில் கட்டியபோது படபடப்பு பெரிதும் அடங்கியிருந்தது.

ஐப்பசி மழையில் மொட்டை மாடியில் ஒரு இரவு. கம் சரியாகப் பூசாத ஒரு தையலில் மட்டும் கசிந்தது. மறுபடி பூசினோம்.

மூன்றாம் வருடம்

பெரியம்மாவின் பை 4.9 கிலோ. பை மட்டும் 480 கிராம். மூன்று இரவிலும் பனி இறங்கியது. கூரையின் ஒரு பக்கத்தை இடுப்பளவு தூக்கிக் கட்டி, காற்று போகும் வாய் விட்டுப் படுத்தோம். உள்பக்கம் ஈரம் படிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் துணி தொய்யாததால் யார் மேலும் படவில்லை. விடிந்ததும் ஒரு துண்டால் துடைத்துச் சுருட்டினோம். தரைவிரிப்பில் முள் ஓட்டைகள் இரண்டு, பிளாஸ்டர் ஒட்டிச் சமாளித்தோம். பைகளில் ஒன்றுகூடப் போகவில்லை.

எதிர்பாராத ஒன்று: தூங்க எடுத்துப் போன மெல்லிய ஃபோம் பாய் புது விரிப்பின் மேல் வழுக்கியது. பெரியம்மா முதல் இரவு தூங்கவே இல்லை. இரண்டாம் இரவு அவர் பைக்குள்ளிருந்து பாதியாக வெட்டி ஓரம் அடித்த பவானி ஜமக்காளம் ஒன்று வெளியே வந்தது. எங்களுக்குச் சொல்லாமல் எடுத்து வந்திருந்தார். 4.9 கிலோவில் அதுவும் அடக்கம்.

இனி மாற்றுவது

பூச்சுப் போட்ட துணி வாங்கினால், வெட்டும் முன் ஒரு துண்டை நனைத்துப் பாலித்தீன் கவரில் மடித்துக் கட்டி ஒரு வாரம் மாடி வெயிலில் போடுகிறேன். பிரிக்கும்போது ஒட்டினால் அந்த ரோல் வேண்டாம். ஒவ்வொரு பொருளின் உள்தையலிலும் துணி வாங்கிய மாதம், பூச்சின் வகை எழுதிய லேபிள் வைக்கிறோம். எல்லாவற்றையும் நிழலில் முழுக்கக் காயவைத்து, சுருட்டிக் கட்டாமல் தளர்வாக, அலுவலக அறை பீரோவில் வைக்கிறோம். பகலில் நிழலுக்காகக் கூரையைக் கட்டுவதை நிறுத்திவிட்டோம். வெயில் இந்த இழைகளை மெல்ல மெல்ல நொறுக்கும்.

பழைய சிலிக்கான் பூச்சு நைலான் வீணாகவில்லை. மாற்றுத்துணி போட்டு வைக்கும் சுருக்குப் பைகளாக வெட்டினோம். அங்கே இழுவையும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஒரு பை 12 கிராம். அந்தத் துணிக்கு அதுதான் சரியான வேலை.

அடுத்த தைக்குப் பாய் வழுக்காமல் இருக்க, விரிப்பின் மேல் சிலிக்கான் கம்மைப் புள்ளிப் புள்ளியாக வைத்துப் பார்க்கப் போகிறோம். தார்ப்பாய்த் துணியில் அது எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு மூலையில் மட்டும் வைத்து, பீரோவில் காய்கிறது.